வெயில் ஏற ஏற டர்போ வண்டியின் இழுவை ஏன் குறைகிறது? சூப்பர்சார்ஜர் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். என்னுடையது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. திருச்சி–மதுரை நாலுவழிச் சாலையில் அடிக்கடி போய் வருகிறேன். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினால், துவரங்குறிச்சி தாண்டி லாரியை முந்தும்போது நாலாவது கியரிலேயே சீறிக்கொண்டு போகிறது. மதியம் இரண்டு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு அதே சாலையில் திரும்பினால், மிதித்த பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. மூன்றாவது கியருக்கு இறக்காமல் முந்த முடியவில்லை. சர்வீஸில் கேட்டால், ஸ்கேனரில் எரர் எதுவும் இல்லை, நார்மல்தான் என்கிறார்கள்.

காலையில் 26 டிகிரி, மதியம் 41 டிகிரி. அடர்த்தி கணக்கு போட்டுப் பார்த்தேன். 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றி, 299-ஐ 314-ஆல் வகுத்தால் 0.95. அதாவது காற்று 5 சதவீதம்தான் குறைகிறது. நான் உணர்வது அதைவிட நிச்சயம் அதிகம். எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போதான் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறதே, வெளியே எத்தனை டிகிரி இருந்தால் அதற்கென்ன என்ற கேள்வியும் இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் என்றால் இந்தப் பிரச்சினை குறையுமா, கூடுமா?

மலைப்பாதை (நாமக்கல்):

டர்போ சூட்டைப் பல மடங்காக்கிவிடும் நண்பரே. அதனால் 5 சதவீதம் என்பது டர்போ வண்டியில் 10, 15 ஆகிவிடும். சாதாரண என்ஜின் வண்டிக்கு இந்த அளவு அடி விழாது.

அமீரகப் பட்டறை (அபுதாபி):

இங்கே ஒரு ட்யூனிங் கராஜில் டைனோ (என்ஜின் சக்தியை அளக்கும் கருவி) இயக்குகிறேன். கோடையில் 45 டிகிரிக்கு மேல் போகும் ஊர், அதனால் இந்தக் கேள்வியோடுதான் தினமும் பிழைப்பு. மலைப்பாதை சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கணக்கோடு பார்ப்போம்.

டர்போவின் கம்ப்ரஸர் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுகிறது, அதன் திறன் 72 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 26 டிகிரியில் உள்ளே போகும் காற்று சுமார் 117 டிகிரியில் வெளியே வரும். 41 டிகிரியில் போனால் 136 டிகிரியைத் தாண்டிவிடும். 15 டிகிரி வித்தியாசம் இங்கே 19 டிகிரி ஆகிறது. அடுத்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். அது கூடுதல் சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிடும் என்றால், காலையில் சுமார் 53 டிகிரியிலும் மதியம் சுமார் 70 டிகிரியிலும் காற்று இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) போகும்.

இந்த இரண்டையும் கெல்வினுக்கு மாற்றி வகுத்துப் பாருங்கள். அதே 0.95 வரும். ஏனென்றால் கம்ப்ரஸர் சூடேற்றுவது உள்ளே வரும் காற்றின் கெல்வின் வெப்பநிலைக்கு விகிதமாகத்தான். ஆகவே அடர்த்தியில் விழும் அடி டர்போவுக்கும் சாதாரண என்ஜினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பல மடங்கெல்லாம் ஆவதில்லை.

அப்படியானால் காவிரிக்கரை உணர்வது என்ன? நாக்கிங்கின் (சூட்டிலும் அழுத்தத்திலும் பெட்ரோல் தானாகவே பற்றி வெடிப்பது) விளிம்பு. சாதாரண என்ஜினில் மேனிஃபோல்டுக்கு வரும் காற்று 45 டிகிரி என்றால் டர்போவில் 70. அந்தக் காற்றை பிஸ்டன் மறுபடியும் பத்து மடங்கு சுருக்குகிறது. மேனிஃபோல்டில் கூடும் ஒவ்வொரு டிகிரியும் சுருங்கி முடியும் இடத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் ஆகிறது. உங்கள் 17 டிகிரி அங்கே 35-ஐத் தாண்டிவிடும். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் எல்லையை ஒட்டி ஓடும் என்ஜினுக்கு இது பெரிய விஷயம். அதனால் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். டைமிங்கில் முதல் ஓரிரு டிகிரி (இது கிராங்க் சுழலும் கோணம், சூடு அல்ல) பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் டார்க் (என்ஜினின் திருகுவிசை) வேகமாக விழும். டைமிங் பின்னால் போனால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவின் டர்பைனையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் காப்பாற்றக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கும். மைலேஜும் அங்கே போகிறது. சில வண்டிகளில் டர்போ ஏற்றும் அழுத்தமான பூஸ்டையே குறைத்துவிடுவார்கள்.

சுருக்கமாக, 5 சதவீதம் காற்றில் போகிறது, அதைவிட அதிகம் டைமிங்கில் போகிறது.

மலைப்பாதை (நாமக்கல்):

சரி, அந்த வகுத்தல் புரிந்தது. ஆனால் இப்போதைய டர்போ வண்டிகளில் பூஸ்டை ஈசியூதானே பிடித்து வைத்திருக்கிறது? கொல்லிமலை 70 ஊசி வளைவுகளிலும் என் வண்டியில் இழுவை குறைவதே தெரியவில்லை. மேலே போகப் போகக் காற்று மெலிகிறதே, அதையே சமாளிக்கும் டர்போ வெயிலைச் சமாளிக்காதா?

அமீரகப் பட்டறை (அபுதாபி):

நல்ல கேள்வி. உயரமும் வெயிலும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. உயரத்தில் அழுத்தம் குறைகிறது, டர்போ கூடச் சுற்றி அந்தக் குறையை நிரப்புகிறது. ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், 2240 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல். 15 டிகிரி குளிர் இருந்தாலும் ஒரு கன மீட்டர் காற்று 0.93 கிலோதான். கீழே கோவையில் 35 டிகிரி வெயிலிலும் அது 1.09 கிலோ. டர்போ இல்லாத வண்டி ஊட்டியில் ஏறக்குறைய 15 சதவீதம் மூச்சு வாங்கும். டர்போ வண்டி வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்ட்டில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பும் வால்வு) மூடி, கம்ப்ரஸரைக் கூடச் சுழற்றி, மேனிஃபோல்டு அழுத்தத்தை அதே இடத்தில் நிறுத்திவிடும். மலைக் குளிரில் இன்டர்கூலரும் நன்றாக வேலை செய்யும்.

வெயிலில் அழுத்தம் குறையவில்லை. பூஸ்ட் கேஜில் முள் காலையில் நின்ற இடத்திலேயே மதியமும் நிற்கும். ஆனால் அதே அழுத்தத்தில் சூடான காற்று எடை குறைவு. எரிவது ஆக்சிஜனின் எடைக்குத்தான், கேஜ் முள்ளுக்கு அல்ல. சில ஈசியூக்கள் அழுத்தத்தைப் பார்க்காமல் காற்றின் எடையையே குறிவைக்கும். அவை பூஸ்டை இன்னும் ஏற்றி ஈடுகட்டப் பார்க்கும். ஏற்றினால் காற்று இன்னும் சூடாகும், நாக்கிங் இன்னும் நெருங்கும். டீசலில் இந்த வழிக்கு இடம் உண்டு. 91 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ஊற்றிய பெட்ரோல் வண்டியில் அந்த இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சூப்பர்சார்ஜருக்கு வருகிறேன். ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகைகள் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று காற்றை அள்ளித் தள்ளுபவை. வெளிக்காற்று மெலிந்தால் அள்ளுவதும் மெலிந்ததுதான். பெல்ட் புல்லியின் அளவை வைத்து வேகம் முடிவாகிவிட்டது, டர்போ மாதிரி கூடச் சுற்றிச் சமாளிக்க வழியில்லை. அந்த வகையில் அது சாதாரண என்ஜினைப் போலத்தான் நடந்துகொள்ளும். என்ஜின் சக்தியை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 1585 கணக்கிலும் இதைப் பார்க்கலாம். டீசலுக்கான திருத்தத்தில் சூப்பர்சார்ஜரையும் சாதாரண என்ஜினையும் ஒரே சூத்திரத்தில் வைத்திருக்கிறார்கள். அதில் அழுத்தத்துக்கு அடுக்கு 1, வெப்பநிலைக்கு 0.7. டர்போவுக்குத் தனிச் சூத்திரம்: அழுத்தத்துக்கு 0.7, வெப்பநிலைக்கு 1.5. உயரத்தை டர்போ தாங்கும், வெயிலை அந்த அளவுக்குத் தாங்காது என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது. அந்தச் சூத்திரத்தின் மேல் எரிபொருள் அளவைப் பொறுத்து இன்னொரு அடுக்கும் வரும் என்பதால், இதை அப்படியே சதவீதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களிடம் வரும் டாட்ஜ் ஹெல்கேட் போன்ற வண்டிகளில் சூப்பர்சார்ஜரின் கூட்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர்கள் இருக்கும். என்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் நின்றால் சூடு ஊறிவிடும். டைனோவில் முதல் ஓட்டத்துக்கும் அடுத்தடுத்த ஓட்டங்களுக்கும் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். 2018 டாட்ஜ் டீமனில் இதற்காகவே கார் ஏசியின் குளிர்வாயுவைத் திருப்பிவிட்டு இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு வைத்தார்கள். நேர்கோட்டில் சீறும் டிராக் ரேஸில் காருக்குள் இருப்பவருக்குக் குளிர் தேவையில்லை, என்ஜினுக்குத்தான் தேவை. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் அது ஒன்று.

ரெட்லைன் மணி (கோயம்புத்தூர்):

பைக் பக்கமிருந்து ஒரு விஷயம். கவாஸாகி நிஞ்ஜா ஹெச்2-வில் இன்டர்கூலரே கிடையாது. 998 சிசி, சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜர். 69 மில்லிமீட்டர் இம்பெல்லர் (காற்றை அழுத்தும் சுழல்சக்கரம்), அதிகபட்சமாக நிமிடத்துக்கு 1,30,000 சுற்றை நெருங்குகிறது. வெளி அழுத்தத்தின் 2.4 மடங்கு வரை ஏற்றும் என்று கவாஸாகியே சொல்கிறது. இம்பெல்லரை அவ்வளவு திறனாகச் செய்து காற்று அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்டேக் பெட்டியை பிளாஸ்டிக்கில் செய்யாமல் அலுமினியத்தில் செய்து, அதன் வழியாகவும் கொஞ்சம் சூட்டை வெளியேற்றுகிறார்கள். கம்ப்ரஸரின் திறன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பழைய ரூட்ஸ் புளோயர் இந்த அழுத்தத்துக்கு ஏற்றினால் காற்று கொதித்துவிடும்.

அமீரகப் பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. டைனோ தாளில் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் கரெக்ஷன் (திருத்தம்) போட்டுத்தானே ஹெச்.பி. கொடுப்பீர்கள்? அப்புறம் வெயில் எப்படித் தெரியும்?

அமீரகப் பட்டறை (அபுதாபி):

அந்தக் கரெக்ஷன் எழுதப்பட்டது 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் என்ற நிலைக்கு. பெட்ரோல் என்ஜினுக்கு வெப்பநிலையின் அடுக்கு 0.6. காற்றின் அடர்த்தியை அது ஓரளவு சரிக்கட்டும். டைமிங் பின்னுக்குப் போனதை அதனால் பார்க்க முடியாது. ஆகவே வெயிலில் ஓட்டிய டர்போ வண்டிக்குத் திருத்திய எண்ணும் குறைவாகவே வரும். மலை ஊரில் இதற்கு நேர்மாறு. டர்போ ஏற்கெனவே ஈடுகட்டிய அழுத்தத்துக்கு இன்னொரு தடவை திருத்தம் போட்டு, இல்லாத குதிரைகளைத் தாளில் ஏற்றிவிடுவார்கள். நான் வாடிக்கையாளரிடம் திருத்தாத எண்ணையும், மேனிஃபோல்டு வெப்பநிலையையும், டைமிங்கையும் சேர்த்தே கொடுப்பேன்.

விமானப் பித்தன் (பெங்களூரு):

இந்தச் சண்டை 1940-களிலேயே நடந்தது. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜினில் கார்புரேட்டரை சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்திருந்தார்கள். ஜெர்மன் டைம்லர் பென்ஸ் என்ஜினில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சினார்கள். பீய்ச்சுவதுதான் நவீனம் என்று தோன்றும். ஆனால் மெர்லினில் பெட்ரோல் ஆவியாகும்போதே காற்றைச் சுமார் 25 டிகிரி குளிர்வித்துவிட்டது, சூப்பர்சார்ஜருக்குள் குளிர்ந்த கலவை போனது. சூப்பர்சார்ஜர் வேலையைப் பார்த்த ஸ்டான்லி ஹூக்கர் இதைப் பெரிய லாபமாகச் சொன்னார். பிறகு இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் வந்த மெர்லின் 60 வரிசையில், இரண்டு தடவை அழுத்திய காற்று அளவுக்கு மீறிச் சூடாகும் என்பதால் திரவத்தால் குளிரும் இன்டர்கூலர் சேர்த்தார்கள். 1942-இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 9 உயரத்தில் மிரட்டியது இந்தச் சேர்க்கையால்தான்.

கார் உலகத்திலும் முதல் நாளிலிருந்தே இதே கவலை. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் நாக்கிங்கை அடக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் தண்ணீர் தெளிப்போடு வந்ததும் அதே காரணத்துக்குத்தான்.

டீசல் கொட்டகை (சிவகாசி):

ஜெனரேட்டர் பராமரிப்பு என் தொழில். டீசலில் நாக்கிங் பயம் இல்லை, அதனால் டைமிங் கதை இங்கே இல்லை. இங்கே எல்லை புகையும் எக்ஸாஸ்ட் சூடும்தான். காற்று மெலிந்த பிறகும் அதே அளவு டீசல் ஊற்றினால் கரும்புகை வரும், டர்பைன் பக்கம் சூடு ஏறும். அதனால்தான் ஜென்செட்டின் அளவை 25 டிகிரி, 100 கிலோபாஸ்கல், 30 சதவீத ஈரப்பதம் என்ற நிலைக்குச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கம்பெனியின் டீரேட்டிங் அட்டவணை இருக்கும். முழு லோடுக்கு செட் வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நான் நேரில் பார்க்கும் தவறு ஒன்றுதான். செட்டை வெளியே நிழலில் 38 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஆனால் ரேடியேட்டர் ஊதும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி ஏர் ஃபில்டருக்கே வரும். ஃபில்டர் வாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 50-ஐத் தாண்டும். பகல் லோடில் கரும்புகை விட்ட ஒரு செட்டுக்கு ரேடியேட்டருக்கு முன்னால் தகர டக்ட் அடித்துக் காற்றைக் கொட்டகைக்கு வெளியே விட்டேன். வேறு எதையும் தொடவில்லை, புகை நின்றது. காரிலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். போன் காட்டும் வெப்பநிலையும் என்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பநிலையும் வேறு வேறு.

நீலக்கடல் (தூத்துக்குடி, இப்போது கப்பலில்):

சிவகாசி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கப்பலில் என்ஜின் ரூமை 45 டிகிரிக் காற்று, 32 டிகிரிக் கடல்நீர் என்ற வெப்பமண்டல நிலைக்கு வடிவமைக்கிறார்கள். எங்கள் டர்போவுக்குப் பின்னால் கடல்நீரின் குளிர்ச்சியைப் பயன்படுத்தும் பெரிய ஏர் கூலர் இருக்கும்.

நீங்கள் யாரும் விரிவாகத் தொடாத ஒன்று ஈரப்பதம். 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றழுத்தத்தில் சுமார் 4 சதவீதம் நீராவி. அந்த அளவுக்கு ஆக்சிஜன் இடத்தை இழக்கிறது. சென்னை, தூத்துக்குடி ஓட்டுநர்களுக்கு இது உண்மையான இழப்பு. பெட்ரோல் என்ஜினில் நீராவி நாக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும் என்பதால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். எங்களுக்கு அந்த நீராவி கூலரில் தண்ணீராகவே கொட்டும். மலாக்கா நீரிணைப் பக்கம் வந்தால் ஏர் கூலரின் வடிகால் குழாயில் கை வைத்துப் பார்ப்போம், ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றுவிட்டால் அடைப்பு என்று பொருள். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் லைனர் மேலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்.

குளிர் என்றால் லாபம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வட கடலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது காற்று கனத்து, ஸ்கேவெஞ்ச் அழுத்தமும் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அழுத்தம்) சிலிண்டரின் உச்ச அழுத்தமும் மேலே ஏறும். அங்கே ஓடும் கப்பல்களில் எக்ஸாஸ்ட்டில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகவிடாமல் திருப்பிவிட பைபாஸ் வைப்பார்கள்.

காவிரிக்கரை (திருச்சி):

எல்லோருக்கும் நன்றி. வண்டியின் சென்சார் எண்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் வாங்கி மாட்டிப் பார்த்தேன். மேனிஃபோல்டில் உள்ள சென்சார்தான் படிக்கிறது, இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பது. நாலாவது கியர், 2500 சுற்று, முழு மிதி. காலையில் மேனிஃபோல்டு 51 டிகிரி, டைமிங் 9 (கோண டிகிரி). மதியம் ஓட்டத்தில் 68 டிகிரி, டைமிங் 4. சுங்கச்சாவடி வரிசையில் ஏசியோடு நின்றுவிட்டுக் கிளம்பிய உடனே பார்த்தால் 79 டிகிரி, டைமிங் 1. மூன்று தடவையும் பூஸ்ட் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. அமீரகப் பட்டறை சொன்ன மாதிரியே இருக்கிறது. இனி என்ன செய்யலாம்? ஓப்பன் ஏர் ஃபில்டர் போடலாமா? 95 ஆக்டேன் ஊற்றினால் பலன் உண்டா?

அமீரகப் பட்டறை (அபுதாபி):

அருமையாக அளந்திருக்கிறீர்கள். சுங்கச்சாவடி எண்தான் முக்கியம். ஏசி கண்டென்ஸர் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால் நின்று சூட்டை ஊதுகிறது, வண்டி நிற்பதால் எதிர்காற்றும் இல்லை. அங்கிருந்து கிளம்பியதும் உடனே முழு மிதி மிதிக்காமல் ஓரிரு கிலோமீட்டர் சீராக ஓட்டுங்கள், மேனிஃபோல்டு தானாக இறங்கும். அதன் பிறகு லாரியை முந்துங்கள்.

ஓப்பன் ஃபில்டர் வேண்டாம். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் அது குடிக்கும். கம்பெனி கொடுத்த பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது, அந்தக் குழாய் கழன்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 95 ஆக்டேன் உங்கள் விஷயத்தில் பலன் தரும், ஏனென்றால் டைமிங் பின்னுக்குப் போவது அளவிலேயே தெரிகிறது. இரண்டு டேங்க் ஓட்டிவிட்டு மதிய டைமிங்கைப் பாருங்கள். 4 என்பது 6, 7 ஆனால் கோடை மாதங்களுக்கு மட்டும் ஊற்றுங்கள். காலைப் பயணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ரெட்லைன் மணி (கோயம்புத்தூர்):

இன்டர்கூலரைக் கழற்றிப் பார்த்தீர்களா? பம்பருக்குக் கீழே இருந்தால் ஃபின்களுக்கு நடுவே பூச்சியும் மண்ணும் அடைந்திருக்கும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் சூடு இறங்காது. ஹோஸ் கிளாம்புகளையும் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். லேசாகக் காற்று கசிந்தால் டர்போ அதை ஈடுகட்டக் கூடச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும், பூஸ்ட் எண்ணில் எதுவும் தெரியாது.

காவிரிக்கரை (திருச்சி):

இன்று பம்பரை இறக்கினோம். கீழ்ப் பாதி முழுக்க மண்ணும் ஈசலும் அடைந்திருந்தன, விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சமே வரவில்லை. பிரஷர் வாஷரில் அடித்துவிடலாம் என்கிறார் வாட்டர் சர்வீஸ் தம்பி. அடிக்கலாமா?

ரெட்லைன் மணி (கோயம்புத்தூர்):

கிட்டத்தில் வைத்து அடித்தால் ஃபின்கள் மடங்கிவிடும், அப்புறம் சீப்பு வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள், அடைத்த வழியே திரும்பி வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். மாட்டிய பிறகு அதே கியர், அதே 2500 சுற்றில் மதிய எண்ணை இங்கே போடுங்கள். 95 ஆக்டேனை அதற்குப் பிறகு ஊற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது.